நாங்க அழிச்ச நம்பர்: காற்று, பீரங்கி, கடலூர்

இந்த வார எபிசோடை ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். காலேஜ்ல நான் ஒரு ரீடிங்கை மாத்தி எழுதினேன். பத்து வருஷம் ஆகப் போகுது. யாரும் கண்டுபிடிக்கல, மார்க்கும் வந்துருச்சு. ஆனா போன மாசம் ஆபீஸ்ல ஒரு சின்ன விஷயம் நடந்துச்சு, அதுலேர்ந்து அந்த நம்பர் மண்டைக்குள்ளயே சுத்திட்டு இருக்கு. அதைத் துரத்திட்டுப் போனா 18-ஆம் நூற்றாண்டு லண்டனுக்குப் போய், கடைசில நம்ம கடலூர் தேவனாம்பட்டினத்துல வந்து நிக்குது. அந்த ரூட்டைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

முதல்ல ப்ராஜெக்ட். நான் படிச்சது மெக்கானிக்கல், பொழப்பு கோட் எழுதுறது. இதைக் கேக்குறவங்கள்ல பாதிப் பேர் அப்படித்தான்னு எனக்குத் தெரியும். ரெண்டாவது வருஷம் தெர்மோடைனமிக்ஸ் பேப்பருக்கு ஒரு மினி ப்ராஜெக்ட். நாங்க நாலு பேர். முதல் பக்கத்துல "வாயு விதிகளைக் கொண்டு எறிபொருள் ஏவுதல்" அப்படின்னு கம்பீரமா இருந்துச்சு. நிஜத்துல அது உருளைக்கிழங்கு துப்பாக்கி.

ரெண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஒண்ணு, சைக்கிள் பம்ப் ஒண்ணு, கையால திருப்புற பால் வால்வு ஒண்ணு, அரை மீட்டர் நீளத்துக்கு 25 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பைப். பைப் முனையை உருளைக்கிழங்குல குத்தினா 20 கிராம் துண்டு ஒண்ணு கச்சிதமா உள்ள உக்காந்துக்கும். அதுதான் குண்டு. பாட்டில்ல வெளிக்காற்றை விட ரெண்டு மடங்கு கூடுதலா, அதாவது மொத்தம் மூணு வளிமண்டல அழுத்தம் வரைக்கும் அடிப்போம். வால்வைத் திருப்பினா 'டொப்'னு ஒரு சத்தம், கிழங்கு பறந்துரும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். பாயில் விதி. வெப்பநிலை மாறலைன்னா அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினா வர்ற எண் மாறாது. காற்று விரிய விரிய அழுத்தம் இறங்கும். அந்த இறங்குற கோட்டுக்குக் கீழ இருக்கிற பரப்பளவுதான் காற்று செய்ற வேலை. அதுல வெளிக்காற்றைத் தள்ளுறதுக்கான செலவைக் கழிச்சா மிச்சம் கிழங்கோட இயக்க ஆற்றல். எங்க கணக்குப்படி 45 ஜூல் சொச்சம். வேகம் நொடிக்கு 67 மீட்டர்.

அப்புறம் அளந்தோம். ஹாஸ்டல் பின்னாடிச் சுவத்துல ரெண்டு மீட்டருக்குக் கோடு போட்டு, நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கிற போன் கேமராவுல ஸ்லோமோஷன். ரெண்டு மீட்டரைத் தாண்ட கிழங்குக்கு 16 ஃபிரேம் ஆச்சு. அப்படின்னா நொடிக்கு 30 மீட்டர். திரும்பச் சுட்டோம். 30 பக்கம்தான். மறுபடியும் அதே.

தியரி 67, நிஜம் 30. மறுநாள் காலைல சப்மிஷன். நைட்டு ஒரு மணிக்கு, யார் முதல்ல சொன்னதுன்னு ஞாபகம் இல்ல, "67-க்கு 62-ன்னு போட்டுக்கலாம்டா, ஏழரை சதவீதம் எர்ரர், பாக்க நம்புற மாதிரி இருக்கும்"னு முடிவாச்சு. எர்ரர் எதனாலன்னு ஒரு பத்தி எழுதணுமே, "உராய்வு மற்றும் காற்றுக் கசிவு"ன்னு எழுதினோம். இருபதுக்குப் பத்தொன்பது.

நாங்க தூக்கிப் போட்டது பாதிக்கும் மேலான வித்தியாசம்ங்க. அதை ஏன்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசில திரும்ப வருவோம்.

ரெண்டு நெடுவரிசை

பாயில் விதி நம்ம எல்லாருக்கும் பிளஸ் ஒன் புத்தகத்துல ஒரு பெட்டிக்குள்ள இருக்கிற வரி. அது வந்த விதம் வேற. 1662-ல் ராபர்ட் பாயில் அதை வெளியிட்டபோது ஒரு பெரிய அட்டவணையாகக் கொடுத்தார். ஆங்கில 'ஜே' எழுத்து மாதிரி வளைஞ்ச கண்ணாடிக் குழாய். குட்டையான பக்கம் மூடியிருக்கும், அதுல கொஞ்சம் காற்று சிக்கியிருக்கும். நீளமான பக்கத்துல பாதரசத்தை ஊத்த ஊத்த உள்ள இருக்கிற காற்று சுருங்கும். ஒவ்வொரு படிக்கும் கன அளவு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவுன்னு குறிச்சுக்கிட்டே போனார்.

அந்த அட்டவணையில எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு விஷயம். அளந்து பார்த்த அழுத்தம் ஒரு நெடுவரிசை. பக்கத்துலேயே, 'கருதுகோள்படி இவ்வளவு இருந்திருக்க வேண்டும்' என்று இன்னொரு நெடுவரிசை. ரெண்டும் அச்சு அசலா ஒத்துப் போகாது. சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருக்கும். அதை மறைக்காம அப்படியே அச்சுல விட்டார். வாசிக்கிறவங்க தாங்களே ஒப்பிட்டுப் பார்த்துக்கலாம்.

இதைக் கேட்டா, 'அந்தக் கால விஞ்ஞானிகள் எல்லாம் ரொம்ப நேர்மைப்பா'ன்னு தோணும். அவசரப்படாதீங்க. அடுத்து நியூட்டன் வர்றார்.

ஒலியோட வேகத்தை வெறும் கணக்குலேர்ந்து கண்டுபிடிக்கலாம் என்று முதலில் காட்டியவர் நியூட்டன். அற்புதமான வேலை. ஆனா விடை நொடிக்கு 979 அடி. நேர்ல அளந்தா சுமார் 1,142 அடி. ஏழுல ஒரு பங்கு கிட்ட குறையுது. 'பிரின்சிபியா'வோட ரெண்டாம் பதிப்பு 1713-ல் வந்தது. அதுல அவர் என்ன பண்ணார் தெரியுமா? காற்றுத் துகள்களுக்குத் தடிமன் உண்டு, அதனால ஒலி கொஞ்சம் சீக்கிரம் போகும்னு கொஞ்சம் சேர்த்தார். காற்றுல நீராவி கலந்திருக்கு, அது ஒலியில பங்கெடுக்காதுன்னு இன்னும் கொஞ்சம் சேர்த்தார். கூட்டிப் பாத்தா சரியா 1,142. ஒரு அடிகூடப் பிசகல! பிற்கால வரலாற்றாசிரியர்கள் இதை நியூட்டன் செய்த 'ஒட்டுப் போடும் வேலை' என்றே எழுதியிருக்கிறார்கள்.

உண்மையான காரணம் வேற. காற்று அமுங்கும்போதும் விரியும்போதும் அதன் வெப்பநிலை மாறாது என்று நியூட்டன் எடுத்துக்கொண்டார். நாங்களும் அதையேதான் எடுத்துக்கிட்டோம். ஆனா ஒலி அவ்வளவு வேகமாப் போகும்போது சூடு வெளியே போக நேரமே கிடைக்காது. அமுங்குற காற்று சூடாகும், விரியுற காற்று குளிரும். சைக்கிள் பம்ப் அடிச்சவங்களுக்கு இது தெரியும், அடி முனை கையில சுடும். இதைக் கணக்குல சேர்த்து ஒலி வேகத்தைச் சரிசெய்தவர் லாப்லாஸ், 1816-ல். ஒட்டுப் போடாம அந்த 163 அடி வித்தியாசத்தை வெறும் கேள்வியாவே விட்டிருந்தா, யாராவது முன்னாடியே அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பாங்களோன்னு எனக்குத் தோணும்.

வேலை கிடைக்காத ஒரு கணக்கு வாத்தியார்

இப்ப ஹீரோ என்ட்ரி. பெஞ்சமின் ராபின்ஸ். 1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் பிறந்தவர். குவேக்கர் குடும்பம். போரே கூடாது, ஆயுதமே எடுக்கக் கூடாது என்று சொல்கிற கிறிஸ்தவப் பிரிவு அது. அங்கே பிறந்த பிள்ளைதான் பின்னாளில் துப்பாக்கி அறிவியலுக்கே அடித்தளம் போட்டது.

லண்டனுக்கு வந்து கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். இருபது வயதிலேயே ராயல் சொசைட்டி உறுப்பினர். நியூட்டனின் தீவிர ரசிகர். கூடவே அரசியலும் உண்டு, வால்போல் அரசாங்கத்தை எதிர்த்துத் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். 1741-ல் வூல்விச்சில் ராயல் மிலிட்டரி அகாடமி ஆரம்பித்தார்கள். அங்கே பேராசிரியர் வேலைக்குப் போட்டியிட்டார், கிடைக்கவில்லை. அந்த வேலைக்காக யோசித்து வைத்த பாடத்திட்டத்தை என்ன செய்வது? விரிவாக்கி 1742-ல் புத்தகமாகப் போட்டுவிட்டார். 'நியூ பிரின்சிபிள்ஸ் ஆஃப் கன்னரி', அதாவது பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள். இன்டர்வியூல ரிஜெக்ட் ஆனதுக்கு இதைவிட நல்ல பதிலை நான் பார்த்ததில்ல.

அந்தப் புத்தகத்தின் முதல் பகுதி என்ன தெரியுமா? எங்க ப்ராஜெக்ட்தான். பாட்டிலுக்குப் பதில் வெடிமருந்து, கிழங்குக்குப் பதில் ஈயக் குண்டு.

அதுவரைக்கும் வெடிமருந்துன்னா ஒரு மர்ம சக்தி. ராபின்ஸ் அதை ஒரு வாயுவா பார்த்தார். வெடிமருந்து எரிஞ்சா நிறைய வாயு வரும், சூடா வரும், அது விரியும்போது குண்டைத் தள்ளும், அவ்வளவுதான். அப்படின்னா ரெண்டு கேள்விக்கு விடை வேணும். எவ்வளவு வாயு? எவ்வளவு சூடு?

முதல் கேள்விக்கு, காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் கலனுக்குள்ளே பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து அதன்மேல் வெடிமருந்தை விழவைத்தார். எவ்வளவு வாயு வந்தது என்று பாதரச அளவி காட்டியது. ஆறின பிறகும் அந்த வாயு வெடிமருந்தின் கன அளவைப் போல 244 மடங்கு இருந்தது.

ரெண்டாவது கேள்விதான் கஷ்டம். சூடானா வாயு எவ்வளவு விரியும்னு சொல்ற விதியை கே-லுசாக் வெளியிட்டது 1802-ல். ராபின்ஸுக்கு அது 60 வருஷம் தள்ளி இருக்கு. அவர் என்ன செய்தார்னா, துப்பாக்கிக் குழாய்த் துண்டு ஒன்றின் ஒரு முனையை மூடி, வெண்மையாக ஜொலிக்கும்வரை காய்ச்சினார். வாயை அப்படியே தண்ணீரில் அமுக்கினார். ஆற ஆற உள்ளிருந்த காற்று சுருங்கி, தண்ணீரை உள்ளே இழுத்தது. எவ்வளவு தண்ணி ஏறுச்சுன்னு அளந்தா, சூட்டுல காற்று எத்தனை மடங்கு விரிஞ்சிருந்ததுன்னு தெரிஞ்சுரும். விடை, நான்கு மடங்குக்குக் கொஞ்சம் மேல.

244-ஐ நாலால பெருக்குங்க. ஏறக்குறைய ஆயிரம். ஆக, குண்டு நகரத் தொடங்கும் நொடியில் துப்பாக்கிக்குள் ஆயிரம் வளிமண்டல அழுத்தம். தண்ணீர்த் தொட்டி, கொல்லன் உலை, பாதரசம். இதை வெச்சே அந்த எண்ணுக்கு வந்துட்டார் மனுஷன். பின்னாடி வந்தவங்க உண்மையான அழுத்தம் இதைவிட அதிகம்னு கண்டுபிடிச்சாங்க. ஆனா முதல்முதலா அங்கே ஒரு எண் இருந்துச்சு. இருந்தாத்தானே அது தப்புன்னு ஒருத்தர் சொல்ல முடியும்.

மிச்சம் எல்லாம் பாயில் விதி. 45 அங்குலக் குழாயில் வெடிமருந்து அடைக்கும் நீளம் 2.6 அங்குலம் சொச்சம். வாயு அங்கிருந்து குழாயின் வாய்வரை, கிட்டத்தட்ட 17 மடங்கு விரிகிறது. குண்டின் விட்டம் முக்கால் அங்குலம். ராபின்ஸின் விடை நொடிக்கு சுமார் 1,670 அடி, நம்ம கணக்குல 500 மீட்டருக்கு மேல. நம்பிக்கை வராம நானும் ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டிப் பார்த்தேன். பத்து வரி கோட். 1,700 அடி பக்கம் வந்துச்சு.

மரப்பலகையும் ஒரு ரிப்பனும்

இதுவரைக்கும் தியரி. இப்ப ஒருத்தர் நொடிக்கு 1,670 அடின்னு சொன்னா, 1742-ல அதை எப்படிச் சரிபார்ப்பீங்க? ஸ்லோமோஷன் கேமரா கிடையாது. நொடியைத் துண்டு போடுற கடிகாரம் கிடையாது. குண்டு கண்ணுக்கே தெரியாது.

ராபின்ஸோட ஐடியா ரொம்ப எளிமை. வேகத்தை நேரா அளக்க முடியலையா, அப்ப அதைக் குறைச்சு அளப்போம். ஒரு கனமான ஊசலைத் தொங்கவிட்டார். இரும்பு, அதன் முகத்தில் தடித்த மரப்பலகை. மொத்த எடை 56 பவுண்டு. துப்பாக்கியால் பலகையைச் சுட்டால் குண்டு உள்ளே புதையும், ஊசல் பின்னால் ஆடும். குண்டின் எடை ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஊசல் ஏறக்குறைய 670 மடங்கு கனம். மொத்த உந்தம் மாறாது இல்லையா, அதனால ஊசலோட வேகம் குண்டு வேகத்துல 670-ல ஒரு பங்கு கிட்டதான் இருக்கும். 1,670 அடி இரண்டரை அடியா மாறிடுது. அதைக் கண்ணாலயே பார்க்கலாம்.

ஊசலின் அடியில் ஒரு ரிப்பன். ஊசல் பின்னால் போகும்போது ரிப்பனை இழுத்துக்கொண்டு போகும். எவ்வளவு நீளம் உருவப்பட்டது என்று அளந்தால் எவ்வளவு ஆடியது என்று தெரியும், அதிலிருந்து குண்டின் வேகம். ஒரு ரிப்பன், மக்களே! பாலிஸ்டிக் பெண்டுலம்னு நம்ம ஃபிசிக்ஸ் புத்தகத்துல வர்ற கணக்கு இருக்குல்ல, அதோட அச்சு அசல் பூர்வீகம் இதுதான்.

வெவ்வேறு குழாய், வெவ்வேறு அளவு மருந்து என்று சுட்டு, கணக்குப்படி இவ்வளவு, அளந்தது இவ்வளவு என்று பட்டியல் போட்டார். பாயில் போட்ட அதே ரெண்டு நெடுவரிசை. பெரும்பாலும் நெருக்கமாகவே இருந்தது.

எப்படி ஒத்துப் போச்சு? அவரும் வெப்பநிலை மாறாதுன்னுதானே எடுத்துக்கிட்டார்? ஒரு இன்ஜினியரா நான் புரிஞ்சுக்கிறது இதுதான்: அழுத்தத்தைக் குறைவா மதிப்பிட்டது ஒரு பிழை. மருந்து முழுசும் ஒரே நொடியில எரிஞ்சு முடிஞ்சுரும், விரியும்போது சூடு குறையாதுன்னு எடுத்துக்கிட்டது எதிர்த் திசையில ரெண்டு பிழை. ஒண்ணை ஒண்ணு ஓரளவு சரிக்கட்டிருச்சு. அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருந்துச்சுன்னு வெச்சுக்கோங்க. ஆனா அடுத்து அவர் செஞ்சது அதிர்ஷ்டம் இல்ல.

ஒத்துப் போகாத இடம்

துப்பாக்கி வாயில் வேகம் தெரிஞ்சாச்சு. இப்ப ஊசலைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டார். தூரம் கூடக் கூட வேகம் எவ்வளவு குறையுதுன்னு பார்த்தா காற்றின் எதிர்ப்பு எவ்வளவுன்னு தெரியும். அன்றைக்குப் பீரங்கிப் படை ஆட்கள் எல்லாரும் நம்பியது கலிலியோவின் பரவளையம். குண்டு ரொம்பக் கனம், காற்று ரொம்ப லேசு, அதனால காற்றைக் கண்டுக்காம விடலாம் என்பது பொது நம்பிக்கை.

ராபின்ஸுக்குக் கிடைத்த விடை தலையைச் சுற்ற வைத்தது. அந்தச் சின்ன ஈயக் குண்டு முழு வேகத்தில் போகும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும் விசை கிட்டத்தட்ட 10 பவுண்டு. குண்டின் எடையைப் போல நூறு மடங்குக்கும் மேல! அவருடைய தலைவர் நியூட்டனின் கணக்கு சொன்னதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

இந்த இடத்துல அவர் என்ன பண்ணியிருக்கலாம்? நைட்டு ஒரு மணி, நாளைக்கு சப்மிஷன். நியூட்டன் சொன்னதுக்குப் பக்கத்துல ஒரு நம்பரைப் போட்டுட்டு, 'பலகையில் கசிவு, ரிப்பனில் உராய்வு'ன்னு எழுதியிருக்கலாம். யார் கேக்கப் போறா? அந்த ஊசல் அவர்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு.

அவர் அந்த மூன்று மடங்கைப் புத்தகத்தில் அப்படியே போட்டார். நியூட்டனின் கணக்கு மெதுவான வேகத்துக்குப் பொருந்தும், இந்த வேகத்துக்குப் பொருந்தாது என்றார். எந்த இடத்தில் மாறுகிறது என்று தேடினார். ஒலி காற்றில் போகும் வேகம் இருக்கிறதே, ஏறத்தாழ அந்த வேகத்தை ஒட்டித்தான் எதிர்ப்பு திடீரென்று கூடுகிறது என்றும் குறித்து வைத்தார். நாம் இன்றைக்கு சூப்பர்சானிக் என்கிற விஷயத்தின் வாசலில், 1742-ல், கையில் ஒரு ரிப்பனோடு நின்ற மனுஷன்!

நடைமுறையில இதோட அர்த்தம் என்ன? 24 பவுண்டு பீரங்கிக் குண்டை முழு மருந்து போட்டுச் சுட்டால், பரவளையக் கணக்குப்படி 16 மைல் போக வேண்டும். நிஜத்தில் மூன்று மைலைத் தொடாது. எங்க 67-க்கு 30 எல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. நூறு வருஷத்துக்கும் மேல பீரங்கி நூல்கள் பரவளையத்தைக் கட்டிக்கிட்டு இருந்துச்சு. குண்டு எங்க விழுந்துச்சுன்னு களத்துல நின்ன சிப்பாய்க்குத் தெரிஞ்சுதான் இருக்கும். அந்தத் தூரத்தைப் புத்தகத்துல ஏத்தத்தான் ஆள் இல்ல.

1746-ல் ராயல் சொசைட்டி அவருக்கு காப்லி பதக்கம் கொடுத்தது. அதற்கு முந்தின வருஷம் இன்னொரு பெரிய மரியாதை. ஆய்லர், ஆமா, நம்ம கணக்குப் புத்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் வர்ற அதே ஆய்லர், ராபின்ஸ் புத்தகத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்தார், மூலத்தை விடப் பல மடங்கு நீளமான குறிப்புகளோடு. இதுல சுவாரஸ்யம் என்னன்னா, சில வருஷம் முன்னாடிதான் ராபின்ஸ் ஆய்லரோட ஒரு நூலைக் கிழிகிழின்னு கிழிச்சு விமர்சனம் எழுதியிருந்தார். ஆய்லர் அதை மனசுல வெச்சுக்காம, எங்கே ராபின்ஸ் சரி, எங்கே கணக்கை இன்னும் திருத்தணும்னு வரிக்கு வரி உக்காந்து எழுதினார். 1788-ல் பிரான்சில் ஒரு இளம் பீரங்கிப் படை லெப்டினன்ட் ராபின்ஸின் நூலைப் படித்துக் குறிப்பெடுத்தார். அவர் பேர் நெப்போலியன்.

குண்டு விழுந்த இடம் வரைக்கும்

சரி, கடலூர் எங்கேன்னு கேக்குறீங்களா? வந்தாச்சு.

1690-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, செஞ்சியில் இருந்த மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கம்பெனி கவர்னர் எலிஹு யேல். யேல் யுனிவர்சிட்டியோட பேருக்குக் காரணமான அதே ஆள். கோட்டைக்கு செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள். கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம்? ஒப்பந்தப்படி, பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு தூரம். கம்பெனிக்காரர்கள் சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கியைக் கொண்டு வந்து, நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த கிராமங்கள் எல்லாம் கம்பெனிக்கு, கடலூர் ஊர் உட்பட. அந்தக் கிராமங்களுக்கு 'குண்டு கிராமம்' என்றே பேர் நிலைத்தது.

ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. அந்த ஊர்ல உழுதுட்டு இருந்தவங்க யாரும் எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போடல. வானத்துல ஒரு இரும்பு உருண்டை எவ்வளவு தூரம் வருதுங்கிறது அவங்க யாருக்கு வரி கட்டணும்னு முடிவு பண்ணிருச்சு. அந்த எல்லையை வரைஞ்சது வெடிமருந்து வாயுவோட அழுத்தமும் காற்றோட எதிர்ப்பும். ராபின்ஸ் அளந்தது அதே ரெண்டைத்தான்.

அறுபது வருஷம் கழித்து அந்தக் கோட்டைக்கே அவர் வந்து சேர்ந்தார். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, கம்பெனியின் சோழமண்டலக் கடற்கரைத் தலைமையிடம் செயின்ட் டேவிட் கோட்டைக்கு மாறியது. ஒப்பந்தப்படி 1749-ல் சென்னை திரும்பக் கிடைத்தது, ஆனால் கம்பெனி பயந்து போயிருந்தது. கோட்டைகளை எல்லாம் பலப்படுத்த ஒரு ஆள் வேண்டும். பீரங்கிக் குண்டு எவ்வளவு வேகத்தில் வரும் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த ஆளைத் தலைமைப் பொறியாளராக வேலைக்கு எடுத்தார்கள். 1749 கிறிஸ்துமஸ் சமயத்தில் கப்பல் ஏறிய ராபின்ஸ், 1750 ஜூலையில் தேவனாம்பட்டினத்தில் இறங்கினார். சென்னைக் கோட்டைக்கும் இந்தக் கோட்டைக்கும் திட்டங்கள் வரைந்தார். ஒரு வருஷம்தான். 1751 ஜூலை 29 அன்று காய்ச்சலில் அங்கேயே இறந்து போனார். வயது 44. கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது, கையில் பேனாவோடு உயிர் பிரிந்தது என்று சொல்வார்கள்.

ஏழு வருஷம் கழித்து, 1758-ல், பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார்.

ரெண்டு வாரம் முன்னாடி ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி அங்க போயிட்டு வந்தேன். கெடிலம் கடல்ல சேர்ற இடத்துக்குப் பக்கம். கோட்டைன்னு சொல்ல மிச்சம் ரொம்பக் கம்மி. செங்கல் சுவர்த் துண்டுகள், மேல வேர் இறங்கின மரம். மீன் வலை பின்னிட்டு இருந்த ஒரு பெரியவர்கிட்ட கோட்டையைப் பத்திக் கேட்டேன். "எல்லாம் வெள்ளைக்காரன் கட்டினதுப்பா, போச்சு"ன்னார். அவ்வளவுதான்.

ராபின்ஸை நான் ஹீரோன்னு சொன்னேன். பாதி வாபஸ் வாங்கிக்கிறேன். அளவெடுக்குறதுல அந்த ஆள் மாதிரி நேர்மையா இருக்கணும்னு எனக்கு ஆசை. அந்த நேர்மை யாருக்கு வேலை பார்த்ததுன்னு பாத்தா கம்பெனிக்கு. போர் வேண்டாம்னு சொன்ன வீட்ல பிறந்தவர், குண்டு கிராமத்து நடுவுல, கோட்டைச் சுவரை எப்படித் தடிமனாக்குறதுன்னு எழுதிட்டு இருக்கும்போதே செத்தார். நம்பர் சரியா இருக்கலாம். அது எதுக்குப் போகுதுங்கிறதை அந்த நம்பர் சொல்லாது. கோட் எழுதிப் பிழைக்கிற நமக்கும் இந்தக் கேள்வி இருக்கு, அது தனி எபிசோடு.

திரும்ப அந்த 30

இப்ப எங்க கிழங்குக்கு வருவோம். இந்த எபிசோடுக்காகப் பத்து வருஷம் கழிச்சு அந்தக் கணக்கை மறுபடி போட்டேன். வெப்பநிலை மாறாதுன்னு எடுத்ததுதான் தப்பா இருக்கும்னு நினைச்சேன். லாப்லாஸ் வழியில, சூடு வெளியே போகாதுன்னு வெச்சுப் போட்டேன். 67 ஆச்சு 66. அவ்வளவுதான். ரெண்டு லிட்டர் காற்று கால் லிட்டர் குழாய்க்குள்ள விரியுறதுல அது பெரிய வித்தியாசமே பண்ணாது. ராபின்ஸ் துப்பாக்கில 17 மடங்கு விரியும், அங்கதான் அது முக்கியம்.

அப்ப வில்லன் யாரு? எனக்குத் தெரிஞ்சு அந்த வால்வு. கையால திருப்புற வால்வு முழுசாத் திறக்க கால் நொடியாவது ஆகும். கிழங்கு குழாயை விட்டு வெளியே போக அதுல சின்னப் பங்கு நேரம் போதும். காற்று முழுசா வந்து சேர்றதுக்கு முன்னாடியே கிழங்கு கிளம்பிருச்சு. வேகமாத் திறக்கிற வால்வைப் போட்டு, அடுத்து குழாயை நீளமாக்கி, ஒண்ணொண்ணா மாத்திச் சுட்டிருந்தா, ரெண்டே நாள்ல இதை நாங்களே கண்டுபிடிச்சிருக்கலாம். உண்மையான ப்ராஜெக்ட் அந்த 37 மீட்டர் வித்தியாசத்துக்குள்ளதான் இருந்துச்சு. நாங்க அதை அழிச்சுட்டு 62-ன்னு எழுதினோம்.

போன மாசம் ஆபீஸ்ல நடந்ததுன்னு சொன்னேன்ல? புதுசா சேர்ந்த ஒரு பையன். லோட் டெஸ்ட் ரிசல்ட்டைக் காட்டிட்டு, "அண்ணா, இந்த ரெண்டு ரீடிங் மட்டும் ரொம்ப மெதுவா இருக்கு. தூக்கிட்டா கிராஃப் நல்லா வரும், தூக்கிடவா?"ன்னு கேட்டான். நாளைக்கு ரிவ்யூ. எனக்கு வாய் வரைக்கும் 'தூக்கிடு'ன்னு வந்துருச்சு. அப்பத்தான் ஹாஸ்டல் பின்னாடிச் சுவரும் 16 ஃபிரேமும் கண்ணு முன்னாடி வந்துச்சு. "இருக்கட்டும்டா, பக்கத்துல ஒரு காலம் போட்டு எதிர்பார்த்தது எவ்வளவுன்னு எழுது"ன்னேன். ரிவ்யூல திட்டு விழுந்துச்சு. அந்த ரெண்டு ரீடிங் ஏன் வந்துச்சுன்னு இன்னும் தேடிட்டுத்தான் இருக்கோம்.

அந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஸ்பைரல் பைண்டிங்கோட இன்னும் வீட்டு அலமாரில இருக்கு. போன ஞாயித்துக்கிழமை எடுத்து, 62-க்குப் பக்கத்துல பேனாவால 30-ன்னு எழுதி வெச்சேன். மார்க்கைத் திருப்பிக் கேக்க மாட்டாங்கன்னு நம்புறேன்.

உங்ககிட்டயும் இந்த மாதிரி அழிச்ச நம்பர் ஒண்ணு இருந்தா எழுதி அனுப்புங்க, பேர் போடாம படிக்கிறேன். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.